நரம்பு சிக்னல் பிடிக்கும் மின்முனை செய்யப் பழகுவது எப்படி: காரைக்குடி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நரம்பு சிக்னல் பதிவு செய்ய ஆசைப்பட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கேட்பது ஆம்ப்ளிஃபையர் பற்றித்தான். எது வாங்கலாம், எவ்வளவு ஆகும், எந்த சாஃப்ட்வேர் போட வேண்டும் என்று. அதெல்லாம் அப்புறம். முதலில் மின்முனைக்கு (எலக்ட்ரோடுக்கு) ஒரு நல்ல நுனி செய்யப் பழகுங்கள். உலோகக் கம்பி உப்புத் தண்ணீரைத் தொடுகிற அந்தச் சில மைக்ரான் இடத்தில்தான் முக்கால்வாசி விஷயம் தீர்மானமாகிறது. அங்கே நழுவவிட்ட சிக்னலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் திருப்பிப் பிடிக்க முடியாது.

உலோகம் திரவத்தைத் தொடும் இடத்தில் நடப்பதைப் படிப்பதுதான் மின்வேதியியல். அந்தப் படிப்புக்கு நம்மூரில் பஞ்சமே இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். நமக்கெல்லாம் அது சிக்ரி. பேட்டரி, துரு, முலாம் என்று அங்கே பார்க்கும் வேலைகளுக்கும் நரம்பு மின்முனைக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கும் காரைக்குடிப் பிள்ளைக்கு, உயிரியல் மட்டும் படித்துவிட்டு வருபவரைவிட ஒரு படி முன்னால் நிற்க வாய்ப்பிருக்கிறது.

எதைப் பிடிக்கப் போகிறோம்

ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அது துடிக்கும்போது, ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டுக்குள், உள்ளே 100 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். இந்தத் துடிப்பைத்தான் ஸ்பைக் என்கிறோம். நாம் நரம்பணுவைத் துளைத்து உள்ளே போகப் போவதில்லை, வெளியே பக்கத்தில் நின்று கேட்கப் போகிறோம். வெளியே வரும்போது அது சில பத்து மைக்ரோவோல்ட் முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். 100 மைக்ரோவோல்ட் என்றால் ஒரு டார்ச் செல்லின் வோல்டேஜில் 15,000-இல் ஒரு பங்கு.

தூரமும் முக்கியம். நுனி அணுவிலிருந்து 50 மைக்ரானுக்குள் இருந்தால் ஸ்பைக் தனியாகத் தெரியும். 100, 150 மைக்ரான் தாண்டினால் இரைச்சலில் கரைந்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் சுமாருக்கு இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் நுனி சிறியதாக வேண்டும். ஆனால் சிறியதாக ஆக்குவதற்கும் ஒரு விலை உண்டு. உலோகமும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில், உலோகப் பக்கம் எலக்ட்ரான்களும் தண்ணீர்ப் பக்கம் அயனிகளும் எதிரெதிரே அணிவகுத்து ஒரு கெபாசிட்டராக நிற்கின்றன. இதற்கு மின் இரட்டை அடுக்கு என்று பெயர். வழவழப்பான உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 20 என்றே எடுத்துக்கொள்வோம். திறந்திருக்கும் நுனியின் பரப்பு 100 சதுர மைக்ரான் என்றால் 20 பிக்கோஃபாரட் வரும். 1,000 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 8 மெகா ஓம். பரப்பை 1,000 சதுர மைக்ரான் ஆக்கினால் 0.8 மெகா ஓமாக இறங்கிவிடும். மறுப்பு ஏற ஏற வெப்ப இரைச்சலும் ஏறும். 1 மெகா ஓம் மின்தடை, 5,000 ஹெர்ட்ஸ் அகலத்தில், அறை வெப்பத்தில் சும்மா இருந்தாலே சுமார் 9 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். ரொம்பக் கூர்மையாக்கினால் இரைச்சல், ரொம்ப மொண்ணையாக்கினால் பல அணுக்களின் கூச்சல் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், அரை மெகா ஓமிலிருந்து இரண்டு மெகா ஓம் வரை, தொடங்குபவருக்கு நல்ல இடம்.

என்னென்ன வேண்டும்

0.125 மி.மீ. தடிமனுள்ள டங்ஸ்டன் கம்பி. இது ஒன்றைத்தான் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் டங்ஸ்டன் குச்சி பெரும்பாலும் 1.6 மி.மீ.க்கு மேல், இதற்கு ஆகாது. டங்ஸ்டனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் விறைப்பு. எவ்வளவு மெலிந்தாலும் வளையாமல் திசுவுக்குள் நேராக இறங்கும். 1957-இல் டேவிட் ஹ்யூபெல் செய்து காட்டியது டங்ஸ்டன் மின்முனைதான். அவரும் டார்ஸ்டன் வீசலும் பூனை மூளையின் பார்வைப் புறணியில் (பார்ப்பதை அலசும் பகுதியில்) நரம்பணுக்கள் எதற்குத் துடிக்கின்றன என்று கண்டறிந்து 1981-இல் நோபல் பரிசு பெற்றதற்குப் பின்னால் இந்தக் கம்பியும் இருக்கிறது.

மற்றவை எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு நார்மல் சலைன் பாட்டில். அது 0.9 சதவீத உப்புக் கரைசல், கல் உப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். காஸ்டிக் சோடா. பழைய சாதாரண டார்ச் செல்லை உடைத்து எடுத்த கார்பன் குச்சி. கல்லூரி லேபில் இருக்கும், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பவர் சப்ளை. மோட்டார் காயில் கட்டும் கடையில் இன்சுலேஷன் வார்னிஷ். காற்றில் உலரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், அடுப்பில் சுடும் வகை வீட்டில் சரிப்படாது. 400 மடங்கு காட்டும் மைக்ராஸ்கோப் ஒன்று, எந்தக் கல்லூரி தாவரவியல் துறையிலும் இருக்கும்.

அப்புறம் வெள்ளிக் கம்பி. சீருக்கு வெள்ளிச் சாமான் செய்து பழகிய ஊரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. ஆசாரியிடம் சுத்த வெள்ளியில் கால் மி.மீ. தடிமனுக்கு ஒரு முழம் இழுத்துத் தரச் சொல்லுங்கள். செம்பு கலந்த 92.5 வெள்ளி வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

முதல் வேலை: ஒப்புநோக்கும் கம்பி

எளிதான வேலையிலிருந்து தொடங்குவோம். எந்த வோல்டேஜையும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில்தான் அளக்க முடியும். ஒரு புள்ளி நம் டங்ஸ்டன் நுனி, இன்னொன்று இந்த வெள்ளிக் கம்பி. வெள்ளியை மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணி வெளுக்கும் திரவ பிளீச்சில் அமிழ்த்தி வையுங்கள். பளபளப்பு போய்க் கத்தரிப்பூ கலந்த சாம்பல் நிறம் வரும். அது வெள்ளி குளோரைடு. உப்புத் தண்ணீரில் இதன் மின்னழுத்தம் ஆடாமல் நிலையாக நிற்கும். நன்றாகக் கழுவி, வெளிச்சம் படாமல் எடுத்து வையுங்கள். பிளீச்சோடு கழிப்பறை கழுவும் ஆசிடைத் தப்பித் தவறியும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

நுனி அரித்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். 100 மில்லி தண்ணீருக்கு 8 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கண்ணில் பட்டால் குழாயடியில் கால் மணி நேரமாவது கண்ணைத் திறந்து கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

ஐந்து சென்டிமீட்டர் டங்ஸ்டன் கம்பியை நேராக்கி வெட்டுங்கள். பவர் சப்ளையின் பாசிட்டிவ் டங்ஸ்டனுக்கு, நெகட்டிவ் கார்பன் குச்சிக்கு. 3, 4 வோல்ட் வையுங்கள். கம்பியின் முனையைச் செங்குத்தாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறக்கினால் கார்பனில் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும். டங்ஸ்டன் கரைந்து டங்ஸ்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது.

கரைசலை உற்றுப் பாருங்கள். கம்பியை ஒட்டி, கீழ்நோக்கி ஏதோ வழிவது போல மெல்லிய நெளிவு தெரியும். கரைந்த டங்ஸ்டேட் கனமானது, அதுதான் அப்படி இறங்குகிறது. அந்த ஓட்டம் கம்பியின் கீழ்ப்பகுதியைப் போர்த்திவிடுவதால் அங்கே அரிப்பு மந்தமாகும். கரைசலின் மேல்மட்டத்தில் புதுக் கரைசல் கிடைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே வேகமாக அரிக்கும். கம்பியை அசைக்காமல் விட்டால் மேல்மட்டத்தில் கழுத்து மெலிந்து, கீழ்த்துண்டு அறுந்து விழுந்துவிடும். அப்படிக் கிடைக்கும் நுனி கூர்மையானதுதான், ஆனால் குட்டையானது. பென்சிலைச் சீவியது போல நீளமாகச் சரியும் நுனிதான் நமக்கு வேண்டும், திசுவை அழுத்தாமல் அது ஊடுருவும். அதற்குக் கம்பியை ஒரே சீராக மேலும் கீழும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முனை மெலிவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் 2 வோல்ட்டுக்குக் குறைத்து, சின்னச் சின்ன முக்கல்களாக முடியுங்கள். கடைசி முக்கல்கள் மேற்பரப்பையும் வழவழப்பாக்கும்.

தண்ணீரில் அலசி, பிறகு ஸ்பிரிட்டில் அலசி, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நுனி ஒன்றிரண்டு மைக்ரானுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாகப் பிளந்தோ கொக்கி போலவோ தெரிந்தால் மறுபடியும் முக்குங்கள். கம்பியில் இன்னும் நீளம் இருக்கிறது, அவசரமில்லை. இந்த நிலையிலிருந்து நுனி எதன் மேலும் படக் கூடாது. ஒரு டப்பாவில் களிமண் உருண்டை வைத்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகி வைப்பதுதான் வழக்கம்.

உறை போடுதல், குமிழிச் சோதனை

நுனியை வார்னிஷில் இறக்கி மிக மெதுவாக மேலே எடுங்கள். எடுத்ததும் நுனி மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி உலர வையுங்கள். வார்னிஷ் சற்றே கீழிறங்கும், கூர்மையான முனை அதை இழுத்துப் பிடிக்க முடியாமல் தானாகவே திறந்துகொள்ளும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசுவதைவிட மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு நல்லது. ஒவ்வொன்றும் முழுசாக உலர்ந்த பிறகே அடுத்தது.

சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அருமையான ஒரு சோதனை உண்டு. மைக்ராஸ்கோப்பின் அடியில் சிறு தட்டில் சலைன் ஊற்றி, மின்முனையை அதில் படுக்க வையுங்கள். இரண்டு டார்ச் செல்லின் நெகட்டிவை மின்முனைக்கும், பாசிட்டிவைச் சலைனில் கிடக்கும் கார்பன் குச்சிக்கும் கொடுத்து ஓரிரு வினாடி மட்டும் தொட்டு எடுங்கள். உலோகம் எங்கே திறந்திருக்கிறதோ அங்கே ஹைட்ரஜன் குமிழ்கள் வரும். நுனியிலிருந்து மட்டும் ஒரு மெல்லிய குமிழ்ச்சரம் எழுந்தால் நல்ல மின்முனை. தண்டில் எங்காவது குமிழ் தெரிந்தால் அங்கே பூச்சில் ஓட்டை. எங்குமே வராவிட்டால் நுனியும் மூடிக்கொண்டது. முனையோரத்தை மட்டும் மீண்டும் காஸ்டிக்கில் தொட்டு எடுத்துப் பார்க்கலாம்.

மறுப்பை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சலைனுக்குள் 1,000 ஹெர்ட்ஸில் 1 மில்லிவோல்ட் அளவுக்கு ஒரு சிக்னலைக் கொடுத்து, உங்கள் ஆம்ப்ளிஃபையரில் முதலில் தடிமனான வெள்ளிக் கம்பியாலும் பிறகு உங்கள் மின்முனையாலும் கேளுங்கள். மின்முனையில் கிடைப்பது வெள்ளிக் கம்பியில் கிடைப்பதில் பாதிக்கும் கீழே போனால், அந்த ஆம்ப்ளிஃபையருக்கு இந்த நுனி ரொம்பக் கூர்மை. அல்லது இடையில் உள்ள கேபிள் ரொம்ப நீளம். ஒரு மீட்டர் ஷீல்டு கேபிளுக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் இருக்கும். 1,000 ஹெர்ட்ஸில் அது 1.6 மெகா ஓம் பாதை, 1 மெகா ஓம் மின்முனையின் சிக்னலில் கணிசமான பங்கு அதன் வழியே ஒழுகிவிடும். முதல் பெருக்கி (ஆம்ப்ளிஃபையரின் முதல் கட்டம்) மின்முனைக்குச் சில சென்டிமீட்டருக்குள் உட்கார வேண்டும் என்பது இதனால்தான்.

முதல் பதிவு: கரப்பான்பூச்சிக் கால்

ஆம்ப்ளிஃபையர் பேச்சு இப்போதுதான் வருகிறது. 1,000 மடங்கு சுமாருக்குப் பெருக்கும், 300 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விடும், பேட்டரியில் ஓடும் ஒன்று போதும். பேக்யார்ட் பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் ஸ்பைக்கர்பாக்ஸ் மாதிரியான கிட் இதற்கென்றே இருக்கிறது. மின்னணுவியல் தெரிந்த நண்பர் இருந்தால் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர் சிப் ஒன்றை வைத்து நீங்களே கட்டலாம். வெளியே வருவதை லேப்டாப்பின் மைக் செருகும் துளை வழியாக 44,100 ஹெர்ட்ஸில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் பதியலாம்.

பெரிய கரப்பான்பூச்சி ஒன்றை ஐஸ் தண்ணீரில் அசைவு நிற்கும் வரை வையுங்கள். பூச்சிதானே என்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பின்னங்கால் ஒன்றை உடலோடு சேரும் இடத்தில் வெட்டி, தக்கை மேல் வையுங்கள். வெள்ளிக் கம்பி உடலுக்கு அருகே இருந்த பாகத்தில். தொடையில் முதலில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதன் வழியே டங்ஸ்டனை இறக்குங்கள். ஓட்டின் மேலேயே குத்தினால் இவ்வளவு பாடுபட்டுச் செய்த நுனி போய்விடும்.

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, காலிலுள்ள முள் ஒன்றைப் பல்குத்தும் குச்சியால் தொடுங்கள். தாளிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று கேட்கும். அந்த முள்ளின் அடியிலிருக்கும் உணர்வு நரம்பணு துடிக்கிறது. குச்சியை எடுத்தால் அடங்க வேண்டும், தொட்டால் மறுபடி வர வேண்டும். அப்படி வராவிட்டால் நீங்கள் கேட்பது நரம்பு இல்லை. மொண்ணை ஊசியிலும் சத்தம் வரும். ஆனால் உங்கள் மின்முனையை மெல்ல நகர்த்தும்போது ஒரே உயரமும் ஒரே வடிவமும் கொண்ட ஸ்பைக் திரும்பத் திரும்ப வருகிற ஓர் இடம் கிடைக்கும். ஒற்றை அணுவை அல்லது ஒற்றை இழையைப் பிடித்துவிட்டீர்கள். இத்தனை பாடும் இதற்காகத்தான்.

50 ஹெர்ட்ஸ் ஹம்

முதல் நாள் உங்களுக்குக் கேட்கப் போவது பெரும்பாலும் இதுதான், ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். சுவரிலுள்ள மின்சாரம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, பக்கத்தில் கிடக்கும் போன் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். நம் பக்கத்துப் பழைய வளவு வீடுகளில் வேலை செய்வதாக இருந்தால், அந்த அறை பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கனமான கற்படியும் தரைத்தளமும் இருப்பது அதிர்வில்லாமல் வேலை செய்ய வசதி.

ஜன்னலுக்குப் போடும் அலுமினியக் கொசுவலையில் ஒரு கூண்டு செய்து, கால், மின்முனை, முதல் பெருக்கி மூன்றையும் உள்ளே வையுங்கள். நைலான் வலை உதவாது. கூண்டை ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்டோடு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இணையுங்கள். இரண்டு இடத்தில் இணைத்தால் அதுவே வளையமாகி ஹம்மைக் கூட்டும்.

எல்லை

தவளை, எலி, மீன் போன்ற முதுகெலும்புள்ள எதிலும் வீட்டில் கை வைக்கக் கூடாது. பதிவு பெற்ற நிறுவனத்தில், அதன் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் மட்டும்தான். மனித உடலில், உங்கள் உடலிலேயே ஆனாலும், இந்த மின்முனையைச் செருகுவது அறவே கூடாது. வெள்ளி குளோரைடு நரம்பணுக்களுக்கு நஞ்சு என்பதால் நீண்ட நாள் உள்ளே வைக்கும் வேலைகளுக்கு அதையும் பயன்படுத்துவதில்லை. பிளாட்டினம், இரிடியம் போன்றவைதான்.

இதற்கு மேல்

ஒரு கம்பியின் கணக்கு புரிந்துவிட்டால் பெரிய மின்முனைகள் மிரட்டாது. யூட்டா வரிசை என்பது 4 மி.மீ. சதுரத்தில் 100 சிலிக்கான் ஊசிகள். 2017-இல் வெளியான நியூரோபிக்ஸல்ஸ் என்ற சிலிக்கான் மின்முனை, 10 மி.மீ. நீளமும் 70 மைக்ரான் அகலமும் கொண்ட ஒற்றைத் தண்டில் 960 பதிவிடங்களை வைத்து, அவற்றில் 384-ஐ ஒரே நேரத்தில் கேட்கிறது. அவற்றிலும் ஒவ்வொரு பதிவிடமும் உலோகம் உப்புத் தண்ணீரைத் தொடும் ஒரு நுனிதான். அதே மறுப்பு, அதே இரைச்சல். பிளாட்டினம் பிளாக் (சொரசொரப்பான கரிய பிளாட்டினப் பூச்சு), பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமர் போன்றவற்றைப் பூசி, இடத்தைப் பெரிதாக்காமலே உண்மையான பரப்பைக் கூட்டி மறுப்பைக் குறைக்கிறார்கள். முலாம் பூசும் வேதியியல் படித்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவைப்படுவது இங்கேதான். இன்னும் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சிலிக்கான் கல் போன்ற விறைப்பு, மூளையோ தயிரைவிடச் சற்றே கெட்டி. மூளை அசைய அசைய அது உரசி, சுற்றிலும் தழும்பு வளர்ந்து, மாதங்கள் போகப் போக சிக்னல் மங்குகிறது. நெகிழும் மின்முனை செய்வதில் இன்று உலகெங்கும் பலர் இறங்கியிருப்பது இதற்காக.

மருத்துவத்திலும் இதன் நேரடிப் பயன் உண்டு. பார்க்கின்சன் நோயாளிக்கு மூளையின் ஆழத்தில் தூண்டல் கம்பி பொருத்தும்போது, பல மருத்துவமனைகளில் மெல்லிய பதிவு மின்முனையை முதலில் இறக்கி, அணுக்களின் ஓசை மாறுவதைக் கேட்டே சரியான இடத்தை உறுதி செய்கிறார்கள்.

மேற்கொண்டு படிக்க, சிக்ரியிலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் வழக்கமும் உண்டு, மின்முலாம் பிரிவு பக்கம் போய் உங்கள் குமிழிச் சோதனைச் சந்தேகத்தைக் கேளுங்கள். மின்முனை கைக்கு வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள், டாண்டி போன்ற திறந்த களஞ்சியங்களிலிருந்து நியூரோபிக்ஸல்ஸ் பதிவுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொத்த 384 சானலையும் திறந்துவைத்துத் திணறாதீர்கள். ஒரே ஒரு சானலை எடுத்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி, இரைச்சலின் அளவைப் போல நான்கைந்து மடங்கு தாண்டும் இடங்களை மட்டும் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வரைந்து பாருங்கள். ஒரே வடிவத்தில் எத்தனை கூட்டம் தெரிகிறது என்று எண்ணுங்கள். கரப்பான் காலில் நீங்களே பதிந்ததையும் அதே மாதிரி வரைந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் நுனியில் அடுத்து எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.